புலனாகாக் கிரணமும் பழைய கைபேசியும்

வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர் 1800-ஆம் ஆண்டிற் சூரியவொளியைப் பட்டகத்தின் வழியாகச் செலுத்தி, விரிந்த நிறமாலையின் ஒவ்வொரு நிறத்திலும் ஓர் உஷ்ணமானியை வைத்து, எந்நிறம் எவ்வளவு வெப்பந் தருகிறதென்று அளந்துவந்தார். சிவப்பு நிறம் முடிந்து, கண்ணுக்கு ஒன்றுமே தோன்றாத வெற்றிடத்தில் வைத்த உஷ்ணமானி மற்றெல்லாவற்றினும் மேலாக ஏறிற்று. அங்கே விழுந்த கிரணங்களையே இன்று அகச்சிவப்புக் கிரணங்கள் என்கிறோம். அடுப்பிலிருந்தும், வெயிலிற் காய்ந்த சுவரிலிருந்தும், நம் உடம்பிலிருந்தும் அவை ஓயாது வீசிக்கொண்டிருக்கின்றன. நாம் ஈண்டுக் கூறப்புகுவது, அக்கிரணம் ஒரு மடிக்கணினிக்கும் ஒரு கைபேசிக்கும் இடையே தூது செல்லும் வகையையும், அத்தூது தடைப்படுங்கால் தடை எவ்விடத்துளது என்று கண்டறியும் முறையையுமாம்.

ஒளியின்மேற் சொல்லை ஏற்றி அனுப்புதல் புதிதன்று. தொலைபேசியை இயற்றிய பெல், டெயின்டர் என்னுந் துணைவரோடு 1880-இல் வாஷிங்டன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேற்றளத்திலிருந்து 213 மீட்டர் தொலைவிலிருந்த தம் சோதனைச்சாலைக்குச் சூரியவொளியின் மூலமாகப் பேச்சை அனுப்பிக் காட்டினார். பேசுங் குரலால் அதிர்ந்த மெல்லிய கண்ணாடி ஒளியை அசைத்தது. மறுபுறத்திலிருந்த செலினியம் அவ்வசைவை மீண்டும் ஒலியாக்க உதவிற்று. மேகம் மறைத்தால் பேச்சு நின்றுபோகும். அப்புதுமை அக்காலத்தில் வழக்கிற்கு வரவில்லை.

நூற்றாண்டுக்குப் பின், 1993-இல், இன்ஃப்ராரெட் டேட்டா அசோசியேஷன் என்னும் சங்கம் நிறுவப்பட்டு, சாதனங்கள் கம்பியின்றி அகச்சிவப்பினால் உரையாடுவதற்குப் பொதுவிதிகளை வகுத்தது. சங்கத்தின் பெயர்ச்சுருக்கமே விதிகளுக்கும் பெயராகி ‘இர்டா’ என வழங்கலாயிற்று. ஏறக்குறைய பத்தாண்டுக் காலம் மடிக்கணினிகளின் விளிம்பிலும் கைபேசிகளின் தலைப்பிலும் கருஞ்சிவப்பான ஒரு சிறு ஜன்னல் காணப்பட்டது இதன் பொருட்டே. ‘ப்ளூடூத்’ பரவியபின் அந்த ஜன்னல் மறைந்தது. இன்றைய மாணவர் பலர் அதனைப் பார்த்தேயிரார்.

அந்த ஜன்னலினுள்ளே 850 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கிரணத்தை வீசும் ஒரு சிறு விளக்கும், அதே கிரணத்தை உணரும் ஓர் ஏற்பியும் உள்ளன. விளக்கு ஒருமுறை துடித்தால் சைபர், துடிக்காதிருந்தால் ஒன்று. வினாடிக்கு 9,600 பிட்டு என்னும் வேகத்தில் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 104 மைக்ரோவினாடி கிடைக்கும். துடிப்பு அதில் 16-இல் 3 பங்கே நீடிக்கும். 115,200 என்னும் வேகத்திலோ ஒரு பிட்டுக்கு 8.7 மைக்ரோவினாடியும், துடிப்புக்கு 1.6 மைக்ரோவினாடியுமே உண்டு. இருவர் ஒரே சமயத்திற் பேசுதல் இயலாது. தன் விளக்கின் ஒளியே தன் ஏற்பியைக் குருடாக்கிவிடுமாதலால், ஒருவர் முடித்த பின்னரே மற்றவர் தொடங்க வேண்டும். இடைத்தூரம் 1 மீட்டருக்குள் இருத்தலும், நடுக்கோட்டினின்று ஏறக்குறைய 15 பாகைக்குமேல் விலகாதிருத்தலும் வேண்டும். இவ்வளவே அதன் இலக்கணம்.

இப்பழங்கருவியைத் தூசி தட்டி எடுக்கும்படி நமக்கு நேர்ந்த காரணத்தைச் சொல்லுவோம். நம் மாணவி ஒருவரின் பாட்டனார் கோவளத்தில் மீன்பிடித் தொழில் செய்தவர். கடலடியிலுள்ள பாறைத்திட்டுக்களை அப்பக்கத்து மீனவர் ‘பார்’ என்பர். மீன் திரளுமிடம் அதுவே. முற்காலத்திற் கரையிலுள்ள கோபுரம், பனை, குன்று முதலியவற்றைப் பார்த்துப் பாரின் இடத்தைக் குறித்துக்கொண்டவர்கள், பின்னர்ப் படகில் ஜி.பி.எஸ். கருவி வந்தபோது அதன் எண்களைக் குறிக்கலாயினர். அப்பெரியவர் ஏட்டில் எழுதவில்லை. தம் நோக்கியா 6610 கைபேசியின் பெயர்ப்பட்டியலில், பாரின் பெயரை ஆளின் பெயர் போலவும், அட்சரேகை தீர்க்கரேகைகளைத் தொலைபேசி எண் போலவும் பதிந்து வைத்திருந்தார். பார்ப்பவர்க்கு அது யாரோ உறவினரின் எண்ணாகத் தோன்றும்! தம் பார்களைப் பிறரறியாது காத்தல் மீனவர் வழக்கம். அதற்கு இதனினும் நல்ல பெட்டகம் எங்கே கிடைக்கும்?

பெரியவர் காலமான பின் அந்தக் கைபேசி மட்டும் எஞ்சிற்று. உப்புநீர் புகுந்து அதன் திரை இருண்டுவிட்டது. அடிப்புறத்தில் கம்பி செருகும் தகடுகள் அரித்துப்போயின. சிம் அட்டையில் நாலைந்து பெயர்களே இருந்தன. ஏனையவெல்லாம் கைபேசியின் சொந்த ஞாபகத்திற் கிடந்தன. “அப்பா எங்களை அழைத்துப்போன பார்கள் இரண்டு மூன்றுதான், ஐயா, மற்றவை அதற்குள்ளே இருக்கின்றன,” என்றார் மாணவியின் சிறிய தந்தையார். விசைகள் இயங்கின, அழுத்தினால் ஒலி கேட்டது. திரையும் கம்பியும் அடைபட்ட அவ்வீட்டிற்கு எஞ்சிய ஒரே வாயில் தலைப்பிலிருந்த அகச்சிவப்பு ஜன்னலேயாம்.

மறுமுனைக்கு ஒரு மடிக்கணினி வேண்டும். 2003-இல் வெளிவந்த ஐ.பி.எம். திங்க்பேட் டி-40 ஒன்று நம் வசம் இருந்தது. அதில் அந்த ஜன்னல் உண்டு. ஆனால் இன்றைய லினக்ஸை அதில் ஏற்றினாற் பயனில்லை. லினக்ஸுக்கு இர்டா விதிகளை முதன்முதல் அமைத்துத் தந்தவர் நார்வே நாட்டு ட்ரோம்சோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக் பிராட்லி. பின்னர் அதனைப் பல்லாண்டு பேணியவர் ஜான் தூரீல். 1999-இல் வந்த 2.2 கருவகத்திலேயே அது இடம்பெற்றிருந்தது. பயன்படுத்துவாரும் பராமரிப்பாரும் அருகியமையால், 2018-இல் வெளிவந்த 4.17 கருவகத்தினின்று அப்பகுதி முழுவதும் நீக்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்திய பதிப்பொன்றே வேண்டும். 2015-இல் வெளியான டெபியன் 8-ஐத் தேர்ந்தோம். அதன் கருவகம் 3.16. பழைய பதிப்பு இணையத்திற் சேருவது பாதுகாப்பன்றாதலால், வேண்டிய மென்பொருள்களை முன்னதாகவே நிறுவிக்கொண்டு, வலையினின்று கணினியைத் துண்டித்துவிட்டோம்.

கோளாறு பார்க்குமுன் ஒரு முறையை மாணவர் மனத்திற் கொள்ளுதல் நலம். இத்தொடர்பு ஐந்து படிகளால் ஆயது: ஒளி எழுதல், கணினி அவ்வொளியை ஆளுதல், இரு சாதனங்களும் ஒன்றையொன்று காணுதல், வேகம் முதலியவற்றில் உடன்படுதல், இறுதியாக வேண்டிய பொருளைக் கேட்டுப் பெறுதல். ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே ஒரு சாட்சி உண்டு. கீழ்ப்படியின் சாட்சியைக் கேளாமல் மேற்படியில் மாற்றஞ் செய்பவர், விளக்கெரியாத வீட்டிற் புத்தகத்தைக் குறைகூறுபவரை ஒப்பர். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. மாற்றியதை ஏட்டிற் குறித்துக்கொள்க. (கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழெழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறோம், தட்டச்சுச் செய்பவர் ஆங்கில எழுத்தில் அமைத்துக்கொள்வாராக.)

ஒளி எழுகின்றதா என்பதற்குச் சாட்சி இக்காலக் கைபேசியின் படக்கருவி. கண்ணுக்குப் புலனாகாத இக்கிரணம் படக்கருவிக்குப் புலனாகும். திரையில் வெளிறிய ஊதாப் புள்ளியாகத் தோன்றும். சில கைபேசிகளிற் பின்புறப் படக்கருவி அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி உடையது. அவற்றில் முன்புறத்தது நன்கு காட்டும். ஐயமிருந்தால் முதலில் தொலைக்காட்சி ரிமோட்டை அழுத்திப் பார்த்துப் படக்கருவியையே சோதித்துக்கொள்ளலாம். லினக்ஸ் கணினி, எதிரே யாரேனும் உளரோவென்று 3 வினாடிக்கு ஒருமுறை கூவியழைக்கும் இயல்புடையது. ஆதலால் ஜன்னலில் 3 வினாடிக்கு ஒருமுறை புள்ளி மினுங்குதல் வேண்டும்.

நம் கணினியில் மினுங்கவில்லை. அதற்குரிய காரணங்கள் இரண்டு, இரண்டும் பலர்க்கு நேர்பவை. முதலாவது, அகச்சிவப்புத் துறை ‘பயாஸ்’ அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனைத் திறந்தோம். இரண்டாவது சற்று நுட்பமானது. அகச்சிவப்புச் சில்லு, பழைய வரிசைத்துறையின் வேடம் பூண்டு நிற்கும். கணினி எழும்பொழுதே லினக்ஸின் வரிசைத்துறை இயக்கி வந்து, இது நமதென்று அதனைக் கைப்பற்றிக்கொள்ளும். பின்னால் வரும் அகச்சிவப்பு இயக்கிக்கு இடமிராது. ‘செட்சீரியல்’ என்னுங் கட்டளையால் ‘டிடிஒய்எஸ்1’ துறையில் யூஆர்ட் ஒன்றுமில்லையென அறிவித்து அதனை விடுவித்த பின்னரே, ‘என்எஸ்சி-ஐஆர்சிசி’ என்னும் இயக்கியை ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ‘டாங்கிள்-ஐடி’ என்பதை பதினாறடிமான முறையில் 09 எனக் குறித்தல் வேண்டும்; அது ஐ.பி.எம். கணினிகளில் அமைந்த ஒளிக்கருவியின் வகையெண். இவை செய்து, ‘இர்அட்டாச்’ கட்டளையால் ‘இர்டா0’ இடைமுகத்தை எழுப்பியவுடன் படக்கருவியிற் புள்ளி மினுங்கிற்று. ஒளி உண்டு, கணினியும் அதனை ஆளுகின்றது. முதலிரண்டு படிகளும் இவ்வாறு முடிந்தன.

மூன்றாம் படியே கோவளத்தின் படி எனலாம். கைபேசியை அவ்வீட்டார் ஊரைவிட்டு அனுப்ப விரும்பாமையால், நாம் கணினியுடன் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக அங்குச் சென்றோம். அவ்வழியிலுள்ள உப்பளங்களை நம் மாணவர் அறிவர். கைபேசியின் மின்கலத்தை மற்றொரு கைபேசியில் இட்டு ஏற்றி, பெரியவரின் சிம் அட்டையையே உள்ளே வைத்தோம். திரை இருண்டிருக்கையில் அகச்சிவப்பை இயக்குவது எங்ஙனம்? அதே வகையைச் சேர்ந்த நல்ல கைபேசியொன்றைப் பக்கத்தில் வைத்து, அதில் எந்த விசையை எத்தனை முறை அழுத்தினோமோ, அவ்வண்ணமே இருண்ட கைபேசியிலும் ஒருவர் அழுத்திவந்தார். நோக்கியாவின் இவ்வகைக் கைபேசிகளில் அகச்சிவப்பைத் திறந்து 2 நிமிஷத்திற்குள் தொடர்பு தொடங்காவிடின் அது தானே மூடிக்கொள்ளும். இதையறியாதவர் கணினியின் அமைப்பை மாற்றிக்கொண்டே கால்மணி நேரத்தைப் போக்கிவிட்டு, மூடிய கதவைத் தட்டிக்கொண்டிருப்பர்.

இப்படிக்குச் சாட்சி ‘இர்டாடம்ப்’ என்னுங் கருவி. காற்றிற் செல்லும் ஒவ்வொரு செய்தியையும் அது வரிவரியாகக் காட்டும். கணினியின் அழைப்பு ‘எக்ஸ்ஐடி கமாண்டு’ என்றும், எதிர்ச்சாதனத்தின் விடை ‘எக்ஸ்ஐடி ரெஸ்பான்ஸ்’ என்றும் தோன்றும். கணினி ஒருமுறை அழைக்கும்போது 6 இடைவெளி விட்டு அழைக்கும். பல சாதனங்கள் ஒரே சமயத்திற் குரல் கொடுத்து மோதாதிருக்கும் பொருட்டு, ஒவ்வொன்றும் ஏதேனும் ஓர் இடைவெளியைத் தற்செயலாய்த் தேர்ந்து விடையிறுக்கும். கமாண்டு மட்டும் வந்து ரெஸ்பான்ஸ் வாராதிருப்பின், குற்றம் கணினியின் மென்பொருளில் இல்லை. இடைவெளியிலோ எதிர்ச்சாதனத்திலோ உளது. இவ்வொரு வேறுபாட்டை அறிந்தால் மாணவர்க்குப் பாதி நாள் மிச்சமாகும்.

கிழக்கு நோக்கிய திண்ணையில், காலைப்பொழுதில், ரெஸ்பான்ஸ் ஒன்றும் வரவில்லை. கடலின்மேல் எழுந்த வெயில் நேரே மேசையின்மேல் விழுந்துகொண்டிருந்தது. இர்டா விதியின்படி ஜன்னலில் 10,000 லக்ஸ் வரை சூரியவொளி படினும் ஏற்பி வேலை செய்தல் வேண்டும். நடுப்பகல் நேர்வெயிலோ ஏறக்குறைய இதன் பத்து மடங்கு. ஹெர்ஷல் கண்ட அதே கிரணம் சூரியனிடத்தினின்று வெள்ளமாய் வந்து, நம் சிறு விளக்கின் துடிப்பை அமிழ்த்திவிடுகிறது. உள்ளறைக்குப் போனால் வேறொரு துன்பம்: சிலவகைக் குழல்விளக்குகளும் சிக்கன விளக்குகளும் மின்னணுச் சாதனத்தால் மிகவிரைவாகத் துடிப்பவை, அத்துடிப்பும் ஏற்பியைக் குழப்பும். ஆகையால் விளக்கை அணைத்து, இரு சாதனங்களையும் ஒரு சாண் இடைவெளியில் நேருக்குநேர் வைத்து, மேலே ஒரு கருந்துணியைக் கவித்தோம். ரெஸ்பான்ஸ் வந்தது, ஆனால் பத்துக்கு ஒன்றிரண்டே வந்தது.

எஞ்சியது கைபேசியின் ஜன்னல். கடற்காற்றில் இருபது ஆண்டு கிடந்த அதன்மேல் வெண்ணிறப் படலம் படிந்திருந்தது. இங்கே ஒரு வியப்பான செய்தியைக் குறிப்பிடாமற் செல்ல மனமில்லை. உப்பு அகச்சிவப்பை விழுங்குவதில்லை. கண்ணாடியினும் மிகுதியாக அதனை ஊடுருவ விடுவது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலியப் பௌதிகரான மெலோனி, வெப்பக் கிரணங்களை ஆராய்வதற்குக் கண்ணாடிப் பட்டகத்தை விடுத்துக் கல்லுப்பாற் பட்டகஞ் செய்துகொண்டது இதனாலேயே. இன்றும் இரசாயனச் சோதனைச்சாலைகளில் அகச்சிவப்பு நிறமாலை காண்பவர் உப்புத் தகடுகளைக் கையாளுகின்றனர். அங்ஙனமாயின் கோவளத்து உப்பு ஏன் தடைசெய்கிறது? தூய கல்லுப்பு ஒரே பளிங்கு; ஜன்னலின்மேற் படிந்ததோ எண்ணிறந்த நுண்பொடிகள், இடையிடையே எண்ணெயும் தூசியும் ஈரமும். ஒவ்வொரு பொடியின் முகத்திலும் கிரணம் முறிந்து சிதறுகிறது. உடையாத கண்ணாடி தெளிவாயிருப்பதும், அதனையே பொடித்தால் வெண்மாவாகி ஒன்றுந் தெரியாதொழிவதும் இவ்வுண்மையே. வாலைவடிநீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் மெல்ல ஒற்றித் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரம் போக்கினோம். உலர்ந்த துணியை முதலில் எடுத்துத் தேய்த்தால் உப்புப்பொடி பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். கீறல் விழுந்த ஜன்னலுக்கு மருந்தில்லை.

துடைத்தபின் அழைத்த ஒவ்வொரு முறையும் விடை வந்தது. ‘ப்ராக்’ அடைவில் இர்டாவுக்குரிய ‘டிஸ்கவரி’ என்னும் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, கைபேசி தன் பெயரை ‘நோக்கியா 6610’ என்று கூறிற்று. இருண்ட திரைக்குள்ளே உயிர் இருக்கின்றதென்பதற்கு அவ்வீட்டார் கண்ட முதற்சான்று அதுவே.

நான்காம் படியிலும் ஒரு தடை நேர்ந்தது. ஒருவரையொருவர் கூவியழைத்தல் எப்பொழுதும் 9,600 வேகத்திலேயே நடைபெறும். கணினி ‘எஸ்என்ஆர்எம்’ என்னும் விண்ணப்பத்தை அனுப்ப, கைபேசி ‘யூஏ’ என்று இசைந்து, அதன்பின் இருவரும் உடன்பட்ட மேல்வேகத்திற்கு மாறுவர். மாறியவுடன் நம் தொடர்பு அறுந்தது. மெதுவான பேச்சு விளங்க, விரைந்த பேச்சு விளங்காமை, துடிப்பு குறுகியபோது வலுவிழந்த விளக்கோ மங்கிய ஏற்பியோ அதனைத் தாங்கவில்லையென்பதைக் காட்டும். இதற்கு மருந்து எளிது: லினக்ஸ் கருவகத்தில் ‘மேக்ஸ்-பாட்-ரேட்’ என்னும் அளவை 9,600 எனக் குறைத்துவிட்டால் வேகமாற்றமே நிகழாது. சில நூறு பெயர்களுக்கு வேகம் எதற்கு? குறைத்தபின், ‘ஆர்ஆர்’ என்னும் சிறுசெய்தி இருபுறமும் மாறிமாறிப் பந்துபோற் செல்லலாயிற்று. அது, சொல்லுதற்கு ஒன்றுமில்லாத வேளையிலும் இருவரும் ஒருவர்க்கொருவர் ‘இருக்கிறேன்’ என்று கூறும் முறை.

இறுதிப் படியில் ‘க்னோக்கி’ மென்பொருள் பெயர்ப்பட்டியலைக் கேட்டுவாங்கும். இதன் அமைப்புக் கோப்பில் தொடர்பின் வகையைக் குறிக்க ‘இன்ஃப்ராரெட்’ என்றும் ‘இர்டா’ என்றும் இரு சொற்கள் உள. இரண்டும் ஒன்றேயென மயங்குதல் எளிது. முன்னது, நோக்கியா 6110 போன்ற மிகப்பழைய கைபேசிகள் இர்டா விதியின்றித் தமக்கேயுரிய முறையிற் பேசுவதற்கு. பின்னது, கருவகத்தின் இர்டா வழியாகப் பேசுவதற்கு. 6610-க்குப் பின்னதே பொருந்தும். தவறான சொல்லை இட்டால், கீழுள்ள நான்கு படிகளும் செவ்வனே இருந்தும், மென்பொருள் தனியே துறையைத் திறக்க முயன்று தோற்கும். பிழைச்செய்தியும் காரணத்தைத் தெளிவாய்ச் சொல்லாது. மாதிரி எண்ணையும் 6510 எனக் குறிக்க வேண்டும், 6610 அக்குடும்பத்தைச் சேர்ந்ததாகலின்.

பட்டியல் வந்தது. அறுபதுக்கு மேற்பட்ட பதிவுகளில் இருபத்தொன்று மனிதர்க்குரியனவல்ல. அவற்றின் எண்கள் 12 எனத் தொடங்கி, இடையில் ஒரு நட்சத்திரக்குறி பெற்று, அப்பால் 80 எனத் தொடர்ந்தன. கோவளம் ஏறக்குறைய 12 பாகை 47 கலை வட அட்சரேகையிலும், 80 பாகை 15 கலைக் கீழ்த்தீர்க்கரேகையிலும் இருப்பதை அறிந்தவர்க்கு அவை எவையென்பது விளங்கும். ஐயம் ஒன்று எஞ்சிற்று: நட்சத்திரத்தின் இருபாலும் உள்ள கடைசி மூன்று இலக்கங்கள் கலையின் பின்னமா, விகலையா என்பது. இரண்டு வகையாகவும் கணக்கிட்டுச் சிறிய தந்தையாரிடம் காட்டினோம். அவர் தாம் தந்தையோடு சென்றறிந்த பாரின் பெயரைத் தேடி, தம் படகிலுள்ள கருவியின் எண்ணோடு ஒத்துப்பார்த்து, பின்னமென்றே முடிவு கூறினார். மற்றவற்றைத் தம் கையாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அவற்றைக் கணினியினின்று அழித்துவிடுமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாறே அவர் முன்னிலையில் அழித்தோம்.

அந்தத் திங்க்பேட், டெபியன் 8 ஏற்றிய நிலையிலேயே நம் பௌதிகச் சோதனைச்சாலையிற் பூட்டிவைக்கப்பட்டுள்ளது. பழைய மாணவர்களில் யாரிடமேனும் அகச்சிவப்பு ஜன்னல் உடைய கைபேசி திரையிருண்டு கிடக்குமாயின், அதன் சிம் அட்டையையும், கூடுமாயின் அதேவகை நற்கைபேசி ஒன்றையும் உடன்கொண்டு, வெயில் தாழ்ந்த மாலை வேளையில் வருவார்களாக.